ஜும்ஆ நேரத்து மிக்சர்

யுத்தம் முடிந்த பிறகு கற்பிட்டி வீதியில், களப்புக் கடல் கரையோரம் திறந்த உப்புக் கழுவும் ஆலையில் பொதி கட்டச் சேர்ந்தேன். என் கண்ணோ மிக்சர் மெசின் மேல். பெரிய தாங்கியில் விசிறி சுற்ற, செறிந்த உப்புத் தண்ணீர் சுழலும். அதில் அரைத்த உப்பைக் கொட்டினால் உப்பு கரையாது, அழுக்கு மட்டும் கழன்றுவிடும்.

முதலாளி ஹாஜியாரிடம் கேட்டேன். "மெசின் வேலை பொம்புளைக்குச் சரிவராது புள்ள" என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் மிக்சரைப் பார்க்க ஆளில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் என்னிடம் விட்டார். "ஒரு பிழை வந்தா, பிறகு பொதிதான்."

அப்படி ஒரு வெள்ளி, பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது கரண்ட் போனது.

மிக்சர் நின்றால் உப்பு அடியில் படிந்து இறுகி, விசிறியை மூடிவிடும். பிறகு சுவிட்சைப் போட்டால் மோட்டார் எரியும், இல்லாவிட்டால் தண்டு வளையும். முதலில் மெயின் சுவிட்சை இறக்கினேன். தாங்கிக்குள் கம்பு விட்டுக் கிண்டும்போது கரண்ட் வந்தால் கை போய்விடும்.

என்னோடு பொதி கட்டும் மாம்புரி ஊர் நஸீமா தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்தாள். "ராத்தா, நல்ல தண்ணி அடிப்பமா? இளகிரும்."

"இளகாது, கரைஞ்சிரும்! ஹாஜியார்ட உப்பெல்லாம் களப்புக்குத்தான் போகும். தோணிக் கம்பு எடுத்துட்டு வா!"

அடி வால்வைத் திறந்தேன். கரையில் கிடந்த தோணிக் கம்புகளால் பெண்கள் எல்லோரும் கிண்டினோம். உப்பும் தண்ணீரும் கூழாகப் பாய்ந்தன. கை ஓய்ந்தால் வால்வு அடைத்துக்கொண்டது; மறுபடி கிண்டினோம். சீமெந்துத் தரை முழுக்க உப்பு.

ஹாஜியார் தொப்பியோடு வாசலில் நின்றார். "யா அல்லாஹ்! எல்லாத்தையும் கொட்டிட்டீங்களே!"

"கொட்டின உப்பைத் திரும்பக் கழுவலாம் ஹாஜியார். எரிஞ்ச மோட்டாரை என்ன செய்ற?"

அவர் ஏணியில் ஏறி, வெறும் தாங்கிக்குள் விசிறியைப் பார்த்தார்.

கரண்ட் வந்ததும் முதலில் உப்புத் தண்ணீர் விட்டேன். பிறகு சுவிட்ச். விசிறி சீராகச் சுழன்ற பிறகுதான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினேன். முக்கல் முனகல் இல்லாமல் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்கவும் இல்லை.

இப்போது மிக்சர் பார்க்கும் பிள்ளைகளே, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அதுவரை உப்பு காத்திருக்காது.

அன்று வீட்டுக்குப் புறப்படும்போது ஹாஜியார் கூப்பிட்டார். "நாளைக்குப் பொதிக்குப் போக வேணாம் புள்ள. மிக்சருக்கு வா."

மறுநாள் சனிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் ஆலையில்தான் இருந்தார்கள். மிக்சரில் நான் நின்றேன்.