காவிரிப் பரிசல்துறை

இன்று வெள்ளகோவில் சாலையில் தார் காய்ச்சும் வாசம் வந்ததும், நான் பாவாடை கட்டிய நாளில் கண்ட காவிரிப் பரிசல்துறை நினைவில் எழுந்தது. அக்கரைச் சந்தைக்குப் போகும் துணிப்பொதிகளை வண்டியிலிருந்து இறக்கும் சத்தமும், ஈரச் சாக்கின் வீச்சமும், தார் பூசிக் கவிழ்த்து வைத்த பரிசல்களுமாக இருந்த துறை அது. பாலம் வந்தபின் அங்கே நாணல் மட்டும்தான்.

ஓர் ஆடியில் ஆறு பெருகி, மாரப்பன் ஒருவர்தான் பரிசல் விட்டார். அப்பா பொதிகளை ஏற்றி முடித்த நேரத்தில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது.

"பொதிய எறக்கட்டுங்களா?" என்றார் மாரப்பன்.

"கேக்கோணுமாங்க? எறக்குங்க," என்றார் அப்பா.

அவளை அக்கரை சேர்த்துவிட்டு, எங்கள் பொதிகளை எடுக்க மாரப்பன் திரும்பினார். "வராதீங்க, அங்கயே இருங்க!" என்று அப்பா கத்தியது காற்றில் போயிற்று. நடு ஆற்றில் பரிசல் கவிழ்ந்தது. மாரப்பன் கரையேறவில்லை.

பின்னொரு நாள் அந்தப் பெண் தன் குழந்தையோடு மாரப்பன் வீட்டுக்கு வந்தாள். அப்பாவும் நானும் அங்கே இருந்தோம். மாரப்பனின் மனைவி கை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "பத்தரமா வந்து சேந்துட்டயா, கண்ணு?" என்றாள்.