காதுகுத்துக்குப் போன கார்

என் தங்கை வெள்ளிமலையில் நர்ஸாக இருக்கிறாள். அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். அதற்காகவே பழைய காரைக் கள்ளக்குறிச்சிப் பட்டறையில் விட்டு, கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றி, முந்தின சாயங்காலம்தான் எடுத்து வந்திருந்தேன்.

மலைப்பாதையில் பாதி ஏறியதும் மனைவிக்குத் தலை சுற்றியது. ஓரமாக நிறுத்தி வண்டியை அணைத்தேன். அவள் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருகினால் ‘டிக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கோபப்படக்கூடத் தெம்பில்லை. பல மாதமாக இந்தக் காரோடு இதே பிழைப்பு. ஏற்றத்தில் தள்ளவும் வழியில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

“பேட்டரி புதுசுங்களே. டெர்மினல் டைட்டா இருக்குதா?”

“ஆட்டிப் பாத்துட்டேன். டைட்டாதான் இருக்குது.”

“லைட்ட போட்டுகினு சாவிய திருப்புங்க. அக்காவ முன்னால நின்னு பாக்கச் சொல்லுங்க.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மனைவி இறங்கி நின்றாள். “மங்கலீங்க, அப்படியேதான் எரியுது,” என்றாள்.

“அப்போ பேட்டரி நல்லாதான் இருக்குது. ஸ்டார்ட்டருக்குதான் கரண்ட் சரியா போவல. கியர்பாக்ஸ்லேருந்து பாடிக்கு ஒரு எர்த் ஒயர் போவும். அதப் பாருங்க.”

பேட்டரிக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன். போல்ட் முடுக்கப்படாமல் பாதியில் நிற்க, ஒயர் அதில் ஆடிக்கொண்டிருந்தது. சொன்னேன்.

“அவசரத்துல வுட்டுட்டேன் போலக்குதுங்க.”

என்னிடம் ஸ்பேனர் இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு ஜீப் வந்தது. அந்த டிரைவரிடம் ஸ்பேனர் வாங்கி முடுக்கினேன். முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது. எங்கள் இருவருக்கும் அதில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

நாங்கள் போனபோது பந்தலில் பாதி நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். பிள்ளையின் காதில் தோடு மின்னியது.

“நல்ல நேரம் போயிடும்னாங்கண்ணா. பக்கத்து வூட்டு அண்ணன் மடியில வெச்சி குத்திட்டோம்,” என்றாள் தங்கை. குரலில் வருத்தமில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். கை முழுக்கக் கிரீஸ். “மொதல்ல கை கழுவிட்டு சாப்புடுங்க,” என்றாள்.

இலையில் உட்கார்ந்ததும் மனைவி மெதுவாகக் கேட்டாள்: “நாளைக்கு ஊருக்கு பஸ்ல போயிடலாமா?”

“போலாம்,” என்றேன்.