மங்கம்மாள் வீட்டுக்குப் போன தீவனம்

எழுபத்தெட்டு வாக்கில் அந்த மாட்டுத் தீவன விதையை ஜவ்வாது மலைக்குக் கொண்டுவந்தவர் கிராம சேவகர். பார்வைக்கு வெந்தயச் செடிதான். மூன்று மூன்றாக இலை, சரம் சரமாக மஞ்சள் பூ. காயப்போட்டால்தான் வித்தியாசம் தெரியும், இனிப்பாக ஒரு வாசனை எழும்பும். ஊர் அதற்குச் 'சேவகர் வெந்தயம்' என்று பேர் வைத்துச் சிரித்தது. கை நீட்டி வாங்கியது பாஞ்சாலை ஒருத்திதான்.

புருஷன் போன பிறகு சாமைக் கொல்லையையும் இரண்டு மாடுகளையும் தனியாகவே பார்த்துக்கொண்டவள். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். கெட்டித் தோல் விதையை மணலோடு தேய்த்து, சாமை அறுத்த ஈரத்தில் தூவினாள். பூ முற்றுமுன் அறுத்துக் காயப்போட்டபோது மழை பிடித்துக்கொண்டது. குவித்து வைத்த தீவனப் போரின் அடிப்பக்கம் பூசணம் பூத்துவிட்டது.

பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாதே, அடிபட்டால் ரத்தம் உறையாது என்று சேவகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது அவளுக்கு நினைவிருந்தது. மேலே இருந்த நல்லதைத் தன் மாடுகளுக்கு ஒதுக்கினாள். அடியில் கிடந்ததை எறிய மனசு வரவில்லை. அந்தக் கோடையில் பக்கத்து வீட்டு மங்கம்மாள் தீவனத்துக்கு அலைந்துகொண்டிருந்தாள். கருப்பு தெரியாமல் உதறிக் கட்டி, அவளுக்குக் கொடுத்தாள். மங்கம்மாள் பதிலுக்கு ஒரு முறம் புளி கொடுத்தனுப்பினாள். அதையும் பாஞ்சாலை வாங்கிக்கொண்டாள்.

பங்குனியில் மங்கம்மாளின் காளைக்கன்றுக்கு மூக்கணாங்கயிறு போட மூக்கு குத்தினார்கள். குத்தியவர் சடையன், ஊர்க் கன்றுகளுக்கெல்லாம் அவர்தான். மஞ்சள் அப்பினால் நின்றுவிடுகிற ரத்தம் அன்று நிற்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் கன்று விழுந்துவிட்டது. சடையனுக்குக் கை விளங்காமல் போய்விட்டது என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை.

பாஞ்சாலையும் வாயைத் திறக்கவில்லை. துக்கம் கேட்கப் போனவளிடம் மங்கம்மாள் சொன்னாள்: "நீ குடுத்த தழையத்தான் கடைசியா தின்னுச்சி, பாஞ்சால. வாய்க்கு ருசியா தின்னுட்டுத்தான் போச்சு."

கொட்டகையில் மிச்சக் கட்டு கிடந்தது. மங்கம்மாளின் சினைப்பசு அதை மென்றுகொண்டிருந்தது. மாசக் கடைசியில் ஈனப்போகிற பசு. ஈனும்போது ரத்தம் போகாமல் இருக்குமா?

பாஞ்சாலை வீடு திரும்பினாள். விடிந்ததும் மங்கம்மாளின் கொட்டகைக்குப் போய்ப் பசுவின் முன்னால் கிடந்ததை வாரி வெளியே எறிந்தாள். உனக்கு இன்னா ஆச்சு என்று கேட்டபடி மங்கம்மாள் ஓடிவந்தாள்.

"அது பூசணம் புடிச்சது, அக்கா. தெரிஞ்சேதான் குடுத்தேன். நல்லத எம் மாட்டுக்கு வெச்சிக்கினேன். சடையன் மேல தப்பில்ல."

மங்கம்மாள் குனிந்து, எறிந்த தழையில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு, "பசுவுக்கு இப்ப இன்னா போடறது?" என்றாள்.

பாஞ்சாலை தன் போரிலிருந்து நல்லதாகக் கட்டிச் சுமந்துவந்தாள். மங்கம்மாள் கை கொடுத்துச் சுமையை இறக்கினாள். கட்டை அவிழ்த்து, பாஞ்சாலை எதிரிலேயே ஒவ்வொரு பிடியாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்து, அதற்கப்புறம்தான் பசுவுக்குப் போட்டாள். கட்டு தீரும்வரை பாஞ்சாலை அங்கேயே நின்றாள். அவளாக உட்காரவில்லை, மங்கம்மாளும் உட்காரச் சொல்லவில்லை.