இடுப்பா, சாணைக்கல்லா

என் இடது இடுப்பில் இருப்பது ஓர் உலோகக் குண்டும் அது உட்காரும் உலோகக் கிண்ணமும். எலும்பு செத்துப்போச்சு என்று நாற்பது வயதில் வைத்தார்கள். ஆயுசுக்கும் தேயாது என்றார்கள். பிறகு, உலோகமும் உலோகமும் உரசினால் கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலக்கும், வருஷம் ஒருமுறை ரத்தம் பார்க்கணும் என்று அவர்களே சொன்னார்கள். இப்படி மாற்றிச் சொல்வதற்கும் பெரிய படிப்பு வேண்டும்போல. நான் சண்டைக்குப் போகவில்லை. வருஷாவருஷம் கோயமுத்தூருக்குப் போய்க் கையை நீட்டினேன்.

மகள் கூட வருவாள். அம்மா என்ன பண்றாங்க என்று டாக்டர் கேட்டால் முந்திக்கொண்டு, "ஊட்டுலதானுங்க இருக்காங்க" என்பாள். பொய் என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் பின்னால்தான் ஷெட். லேத்துப் பட்டறைகளில் இரும்பு வெட்டி மழுங்கிப்போன கார்பைடு டூல்களை, வீட்டுக்காரர் காலமான பிறகு, அங்கே நான்தான் சாணை பிடித்துக் கொடுத்துவந்தேன். எங்கள் பக்கம் பொம்பளை சொந்த ஷெட்டில் நாள் முழுக்க நின்றாலும் அது வேலையில் சேராது. வேலை என்றால் இன்னொருத்தரிடம் சம்பளத்துக்குப் போவது, அது குடும்பத்துக்குக் குறைச்சல். டாக்டரும் அதற்குமேல் கேட்டதில்லை.

இந்த வருஷம் கோபால்ட் ஏறியிருந்தது. குரோமியம் அப்படியே இருந்தது, ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் இடுப்பைத் திறந்து மாற்றிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த டாக்டர், என் கையைப் பார்த்து நிறுத்தினார்.

"விரலெல்லாம் ஏனுங்கம்மா கருப்படிச்சுக் கெடக்குது?"

"டூலுக்குச் சாணை புடிக்கறனுங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது.

கார்பைடிலும் கோபால்ட் உண்டாம். தூசி மூச்சில் போய் ரத்தத்தில் சேருமாம். ஏறியது எங்கிருந்து வந்தது என்று தெரிய, மூன்று மாதம் ஷெட் பக்கமே போகாமல் இருந்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். குறைந்தால் ஆபரேஷன் வேண்டாம், ஷெட்டை விட வேண்டும். குறையாவிட்டால் கோளாறு இடுப்பில்தான்.

குறையணும் என்று மகள் கோயில் கோயிலாகப் போனாள். குறையக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. இடுப்பை அறுத்தால் கொஞ்ச நாளில் எழுந்து நின்றுவிடுவேன். ஷெட்டில் நின்றால் பட்டறைக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள், அக்கா கை பட்டால்தான் டூல் வெட்டும் என்பார்கள். அது போய்விட்டால் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். நினைத்தாலே பயமாக இருந்தது.

குறைந்துவிட்டது. பாதிக்கும் கீழே.

"அம்மா, பொழச்சுட்டீங்க" என்று மகள் டாக்டர் எதிரிலேயே அழுதாள்.

"மாஸ்க் போட்டுக்கிட்டுப் புடிக்கலாமுங்களா?" என்று நான் டாக்டரிடம் கேட்டேன்.

"வேற ஆளுன்னா பாக்கலாமுங்கம்மா. உங்க இடுப்பு கெட்டுப்போகுதான்னு எனக்குச் சொல்றதே இந்த ரத்தந்தான். அதுல ஷெட்டுத் தூசியும் சேந்துட்டா, நாளைக்கு நெசமாவே கெட்டாலும் எனக்குத் தெரியாமப் போயிருமுங்க."

நியாயம்தான். நியாயமாகப் பேசுகிற ஆளிடம் என்னவென்று சண்டை போடுவது.

சாணை மெஷினை விலைக்குக் கேட்டுப் பெருந்துறையிலிருந்து ஒருத்தர் வந்தார். ஓட்டிப் பார்க்கணும் என்றார். மகள் அவரை உள்ளே கூட்டிப்போனாள். நான் வெளியே நின்றேன். கல் சுற்றத் தொடங்கியது. டூலைப் போட்டு அழுத்துகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. "அமுத்தாதீங்க, லேசா வெச்சாப் போதும்" என்றேன். இன்னொரு தடவை கத்தியே சொன்னேன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.