நகம் பதிந்தால் மட்டும் போதாது

1. பழைய செருப்பு

நாய்க்குட்டி நாற்காலிக் காலைக் கடிக்கிறது, காயப்போட்ட வேட்டியைக் கிழிக்கிறது, இதற்கு ஊசி ஏதாவது உண்டா என்று கேட்டு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். எண்பதுகளில், மதுரையில் தெப்பக்குளம் போகிற சாலையில் இருந்த தனியார் நாய் ஆஸ்பத்திரி அது. டாக்டரம்மா என்னைவிட எட்டு வயது இளையவர். நான் கம்பவுண்டர். ஊசியும் கத்தியும் அவர் பொறுப்பு, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் பொறுப்பு.

விளக்கம் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொன்னால் தரகர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அந்தத் திமிரோடுதான் நாய்ப் பல்லுக்கும் வந்தேன்.

ஆனையூரிலிருந்து ஓவர்சியர் தங்கராஜ் தன் அல்சேஷன் குட்டியைக் கூட்டி வந்தார். நாலு மாதக் குட்டி. பால் பல் விழுந்து நிஜப் பல் முளைக்கிற நேரம். ஈறு தினவெடுக்கும், எதையாவது கடிக்காமல் அதனால் இருக்க முடியாது. அவர் தன் பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்திருக்கிறார். அது புதுச் செருப்பையும் கடித்துவிட்டதாம். அடித்தும் பார்த்துவிட்டாராம்.

“எது பழசு, எது புதுசுன்னு அதுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார். குழம்பில் வெந்த ஆட்டெலும்பும் தினம் போடுவதாகப் பெருமையாகச் சொன்னார். அதையும் நிறுத்தச் சொன்னேன். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடையும், குடலைக் கிழிக்கும். மாங்கொட்டையும் கூடாது, வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

எதைக் கொடுக்கலாம் என்பதற்கு என்னிடம் இரண்டு சோதனைகள் இருந்தன. கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். பதியாவிட்டால் குட்டியின் பல்தான் உடையும். அடுத்தது, முழுசாக வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பருத்த காரட், நனைத்து முடிச்சுப் போட்ட துண்டு, இவை போதும் என்பேன். இவை சரியான சோதனைகள்தான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்த மாட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. லீலாவதியின் கயிறு

லீலாவதி சௌராஷ்டிர வீட்டுப் பெண், தெப்பக்குளத்துக்குப் பின்னால் குடியிருந்தார். வீட்டுக்குள்ளேயே தறி. கணவர் சேலை மூட்டையோடு கேரளாவுக்குப் போனால் திரும்பி வர மாதமாகும். பிள்ளைகள் இல்லை. ஜிம்மி என்ற பழுப்புக் குட்டியைத்தான் அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதனிடம் அவர் தங்கள் மொழியில்தான் பேசுவார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது, குட்டிக்கு எல்லாம் புரிந்தது.

ஜிம்மி தறிக்கட்டையைக் கடிக்கிறது என்றார். துண்டு முடிச்சு யோசனையைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் துண்டுக்குப் பதிலாக, தறியில் குறுக்கே ஓட்டும் ஊடையில் மிஞ்சிய பருத்தி நூலைச் சேர்த்து மணிக்கட்டுத் தடிமனுக்கு ஒரு கயிறு பின்னிக்கொண்டு வந்தார். இரண்டு முனையிலும் பெரிய முடிச்சு. பார்க்கவே அழகாக இருந்தது. நகத்தால் அழுத்தினேன், பதிந்தது. ஜிம்மியின் வாயருகே வைத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. இதைவிட நல்லது கடையில் கிடைக்காது என்று பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். இன்னும் நாலு பின்னித் தரச் சொல்லி, தெரிந்த நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். ஒன்று ஓவர்சியருக்கு.

3. இழுக்காதீங்க

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஜிம்மியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு லீலாவதி ஓடி வந்தார். இரண்டு நாளாக வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. குட்டி தலையைத் தூக்கவில்லை. வாலைத் தூக்கிப் பார்த்தேன். ஆசன வாயில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது.

விஷயம் இவ்வளவுதானே என்று நினைத்தேன். கையைக் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இழுக்காதீங்கண்ணே. நான் இழுக்கலாம்னு பாத்தேன், இறுக்கமா இருந்துச்சு, விட்டுட்டேன். மாட்டுன இழைய இழுத்தா துணி பூரா சுருங்கிப் போகும். உள்ள எங்கயோ மாட்டிருக்கு.”

கம்பவுண்டருக்கே பாடமா என்று எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். குட்டியின் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். நாக்கின் அடியில் நூல் ஒரு சுற்றுச் சுற்றி, சதைக்குள் பதிந்திருந்தது. ஒரு முனை அங்கே, மறு முனை வால் பக்கம். நடுவில் குடல் முழுவதும் அந்த நூலில் கோத்ததுபோல் சுருங்கிக் கிடந்தது. நான் இழுத்திருந்தால் நூல் குடலை அறுத்திருக்கும்.

“இவங்க சொன்னதுதான் சரி. நீங்க கையை வச்சிருந்தா நான் வந்து பிரயோஜனமே இல்ல,” என்றார் டாக்டரம்மா. நாக்கடியில் நூலை வெட்டிவிட்டு, மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தார். குடலில் இரண்டு இடத்தில் கீறி, நூலைத் துண்டு துண்டாக எடுத்தோம். பிழைக்குமா என்று மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

லீலாவதி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணீர் நிற்கவில்லை. நான் பின்னியதுதானே, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு, கத்திரியைக் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றேன். கயிற்றை நல்லது என்று சொன்னவன் நான். அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு பகலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவர் வந்ததும் சொல்லிவிட்டேன். தப்பு உங்களுடையது இல்லை, நான் பார்க்கத் தவறினேன் என்றேன். அவர் ஜிம்மியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“முறுக்கு கம்மியான நூலுண்ணே அது. நனைஞ்சா பிரியும்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே கேக்கலாம்னு நெனச்சேன். நீங்க அம்புட்டு உறுதியாப் பேசுனீங்க, நாய் விஷயம் உங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4. நாலு வீடு

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வண்டியூரில் இரண்டு வீடு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒன்று. தலையைச் சொறிந்துகொண்டே கயிற்றைத் திருப்பி வாங்கினேன். கடைசியாக ஆனையூர்.

ஓவர்சியர் தரமாட்டேன் என்றார். “இம்புட்டு நாளாக் கடிக்குது, ஒன்னும் ஆகலையே. நீங்கதான நல்லதுன்னு குடுத்தீங்க?”

“நான்தான் சார் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்,” என்றேன். இருபது வருட வேலையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கயிற்றை வாங்கி அவர் முன்னால் பிடித்துக் காட்டினேன். ஒரு முனையில் முடிச்சே இல்லை. முடிச்சு எங்கே சார் என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. குட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு அப்போதே வந்தார். நல்ல வேளை, இரண்டு நாளில் அந்த நூல் தானாக வெளியே வந்துவிட்டது.

கொடுக்கும்போது ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்றுதான் நான் சோதித்தேன். இருபது நாள் கடிபட்ட பிறகு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. குட்டியின் வயிற்றுக்குள் போவது அந்தக் கடிபட்ட பொருள்தான்.

ஜிம்மி ஐந்தாம் நாள் கஞ்சித் தண்ணீர் குடித்தது. தையல் பிரிக்க வந்த அன்று லீலாவதி இன்னொன்றும் கொண்டு வந்தார். கெட்டித் துண்டை நாலாக மடித்து, ஓரத்தை அடித்துத் தைத்திருந்தார். மேஜையில் வைத்துவிட்டு என் கட்டை விரலைப் பார்த்தார்.

நான் தொடவில்லை. அவர் பக்கமே தள்ளி வைத்தேன். “முதல்ல நீங்க சொல்லுங்க,” என்றேன்.

“இதுவும் பிரியும்ணே. துணின்னா பிரியத்தான் செய்யும். ஆள் பக்கத்துல இருக்கறப்ப மட்டும் குடுக்கணும். ஓரத்துல ஒரு இழை எந்திரிச்சாலும் துண்டையே பிடுங்கி வச்சுரணும்.”

சீட்டை எடுத்து அதை அப்படியே எழுதினேன். அதற்குக் கீழேதான் என்னுடைய நகச் சோதனையை எழுதினேன். ஓய்வு பெறும் வரை பல் முளைக்கிற குட்டியோடு வந்த எல்லோருக்கும் அதே வரிசையில்தான் எழுதிக் கொடுத்தேன்.