வால் ஓரத்து நீலப் பிறை

ஆம்பூர் தோல் கம்பெனியில் சத்தார் பாய்க்கு இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை. பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரிப்பது. முதல் ரகம் என்று மனசார ஒப்புக்கொண்ட தோலின் வால் ஓரத்தில், நீலப் பென்சிலால் சின்னதாக ஒரு பிறை போடுவார். முதலாளி முனீர் அகமது அதை வயசானவரின் கிறுக்கு என்று விட்டுவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் ஜெர்மனிக்காரர் ஒருவரின் ஆர்டருக்கு முதல் ரகம் போதவில்லை. கட்டுக்கு நடுவே மூன்றாம் ரகத்தைச் சொருகச் சொன்னார் முதலாளி. பாய் சொருகினார். சம்பளக்காரர் வேறென்ன செய்வார்.

மூன்று மாதத்தில் சரக்கு திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதமும். டைப்பிஸ்ட் ஜெயசீலி வாசித்துக்கொண்டே வந்து 'அவுட்விட்' என்ற வார்த்தையில் நின்றாள். அகராதியைப் புரட்டிவிட்டு, புத்தியால் எங்களை மடக்கப் பார்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறார், அடுத்த வாரம் நேரிலேயே வருகிறாராம் என்றாள். முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. ரகம் பிரித்தது சத்தார், தப்பும் அவருடையது, ஆளை நிறுத்திவிடுகிறோம் என்று சொல்லிவிடலாம் என்றார்.

பாய்க்குக் கவலை பேரைப் பற்றித்தான். வேலை போனால் போகட்டும். ஏமாற்றுக்காரன் என்று பேர் வந்தால் பேரணாம்பட்டு வரைக்கும் எவன் வேலை கொடுப்பான்?

ஜெர்மனிக்காரர் வந்தார். முதலாளி சொன்னபடியே சொன்னார். பாய் திரும்பி வந்த சரக்கை முன்னால் இழுத்துப் போட்டார். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தோலாக வால் ஓரத்தைக் காட்டிக் காட்டி வைத்தார். பிறை உள்ளது வலது பக்கம், இல்லாதது இடது பக்கம். ஜெர்மனிக்காரர் இரண்டையும் தடவிப் பார்த்தார். மூன்றாம் ரகம் மொத்தமும் இடது பக்கம் கிடந்தது; ரகம் பிரித்ததில் தப்பே இல்லை. அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

இனிமேல் பிறை இல்லாத தோலை வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த மனுஷர். ஆகவே பாயை நிறுத்த வழியில்லை. முதலாளி பத்து நாள் அவரோடு பேசவில்லை.

ஜெயசீலிதான் கேட்டாள். "தெரிஞ்சேதான் போடாம வுட்டீங்களா பாய்?"

"நான் பாஸ் பண்ணாத தோலுக்கு எப்படிம்மா போடுவேன்?"

"இதுக்குப் பேருதான் அவுட்விட்."

பாய் அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "மொதலாளிக்கு இதுக்கு அர்த்தம் தெரியுமா?" என்றார்.

"கடுதாசி வந்தப்ப தெரியாது பாய். இப்ப தெரியும்."