யசோதராவின் வைவாவில் நான் கேட்ட கேள்வி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆறாம் வகுப்புக்கு என்னைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ராயபுரம் வந்து, கயிற்றுக் கடையில் மூட்டை தூக்கி, இன்றைக்கு ராயபுரத்தில் ஒன்று, டோல்கேட்டில் ஒன்று, எண்ணூரில் ஒன்று என்று மூன்று கடை வைத்திருக்கிறேன். காட்டுப்பள்ளிக்கு வருகிற கப்பல்களில் பலவற்றுக்கு அரிசி, காய்கறி, கயிறு, சோப்பு எல்லாம் இசக்கிப்பாண்டி ஸ்டோர்ஸில் இருந்துதான் ஏறுகிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் ஒரு டாக்டர் பட்டம் என்னால் தேறியிருக்கிறது. என்னால் மட்டும் என்று சொல்லமாட்டேன். யசோதராவும் கொஞ்சம் படித்திருந்தாள்.

யசோதராவுக்கு ஊர் வியாசர்பாடி. அவளுடைய அப்பா அப்பாவு, கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்குகிறவர். எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த பிள்ளைக்குக் கைச்செலவுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. எனக்குக் கப்பல்காரர்களுக்கு இங்கிலீஷில் மெயில் எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. பகலில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறை, சாயங்காலம் ராயபுரம் கடை என்று வர ஆரம்பித்தாள்.

வந்த புதிதில் ஒரு கேப்டன், ஏற்றிய முட்டைக்கோஸில் பாதி அழுகல் என்று புகார் எழுதியிருந்தார். மாற்றித் தருகிறோம் என்று ஒரு வரி தட்டினால் போதும். யசோதரா ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டதற்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். முட்டைக்கோஸின் நிலைமை குறித்து எங்கள் ஆழ்ந்த வருத்தம், அதன்மேல் அடித்த வெயில், தாங்கள் எங்கள்மீது வைத்திருந்த நம்பிக்கை என்று அது போய்க்கொண்டே இருந்தது. கேப்டனிடமிருந்து பதில் வந்தது: ஓகே.

"என்ன டாக்டரம்மா, முட்டக்கோசுக்கு இரங்கல் கூட்டமே நடத்திட்டியே" என்றேன்.

"கோசு அழுகினா இன்னா அண்ணாச்சி, பாசை அழுகக்கூடாது."

எனக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. வேலையில் வைத்துக்கொண்டேன்.

அவளுடைய ஆராய்ச்சி என்ன என்று தெரிந்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. வெள்ளைக்காரர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதின பெரிய பெரிய கதைப் புத்தகங்கள். பங்களா, குதிரை வண்டி, உயில், கல்யாணம் எல்லாம் அதில் உண்டு. இவள் அதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த பங்களாவில் கதவு திறந்துவிடுகிறவன், டீ கொண்டுவந்து வைக்கிறவள், விளக்கு ஏற்றுகிறவன், இவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் வருவார்கள், அடுத்த வரியில் போய்விடுவார்கள், பெயர்கூட இருக்காது. அவர்கள் வருகிற இடத்தில் எல்லாம் ஜெராக்ஸ் தாளில் ஸ்டிக்கர் ஒட்டுவாள். கதவு திறந்தால் மஞ்சள், டீ வந்தால் பச்சை, விளக்கு என்றால் சிவப்பு. ஸ்டிக்கர் என் கடையில் விலை ஒட்டுகிற ஸ்டிக்கர். ஆங்கில இலக்கியத்துக்கு என் பங்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

"ஏம்மா, கதை முதலாளியப் பத்தினது. நீ கதவு தொறந்தவன் பின்னால போயிட்டு இருக்க. முதலாளி கதைய என்னைக்குப் படிக்கப்போற?"

"முதலாளி கதைய எதுக்குப் படிக்கணும்? தெனம் சாயங்காலம் டீ குடிச்சிகினு நீங்களே சொல்றீங்களே. சாத்தான்குளத்துல ஆரம்பிச்சி இன்னும் டோல்கேட்டே வர்ல."

இப்படிப் பேசுகிற வாய். எங்கள் தெருவில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் யசோதரா வருகிற நேரம் பார்த்து விலை குறைத்துப் பேசுவார்கள். ஆனால் இந்த வாய்க்கு ஒரு வியாதி இருந்தது. மேடையில் ஏறி மைக் முன்னால் நின்றால் சத்தம் வராது. புத்தகம் போல ஆராய்ச்சியைக் கட்டிச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் துறையில் ஒரு முறை பேசிக் காட்ட வேண்டுமாம். எழுந்து நின்றாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி தண்ணீர் குடித்தாள். கடைசியில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஜெமிமா மேடம்தான் தாளை வாங்கி மீதியைப் படித்து முடித்தார்.

"பரவாயில்ல, இது உள் வீட்டுக் கூட்டம். வைவாவுல நான் படிக்க முடியாது யசோதரா. வெளியூர்லேருந்து தேர்வாளர் வருவார். உனக்கு வாங்க வேண்டிய அவகாசம் எல்லாம் வாங்கியாச்சு. அன்னைக்கு நீ பேசலைன்னா இத்தனை வருஷ உழைப்பும் போயிடும்" என்று மேடம் சொல்லியிருக்கிறார். இதை யசோதரா என்னிடம் சொன்னபோது வழக்கமான குரலில் சொல்லவில்லை. நானும் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை. ஒரு டீ கூடுதலாகச் சொன்னேன்.

வைவா என்றால் பட்டத்துக்கு முந்தின வாய்மொழித் தேர்வு. பொது நிகழ்ச்சி, யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். யார் என்ன கேட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி மேலே அனுப்ப வேண்டும். பொதுமக்களுக்கு இருக்கிற வேலையில் யார் வருவார்கள்? அதனால் கூடப் படிக்கிற மாணவர்களுக்கு ஆளுக்கு ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதி முன்னாடியே கொடுத்துவிடுவது வழக்கமாம். பதிலும் தயாராக இருக்கும். காசிமேட்டு மீன் ஏலத்தில் நம் ஆளையே கூட்டத்துக்குள் விட்டு விலையை ஏற்றுவது போலத்தான். நாங்கள் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

"எனக்கும் ஒரு சீட்டுக் குடு" என்றேன்.

"ஐயோ சாமி. நீங்க வாயத் தொறக்காம வந்து குந்துனா போதும் அண்ணாச்சி. முடிஞ்சதும் சாப்பாடு கீது."

அன்றைக்கு வெள்ளை வேட்டி சட்டையில் போனேன். அப்பாவுவும் சலவைச் சட்டையில் வந்திருந்தார். அவர் கடைசி வரிசைக்குப் போனார்.

"இங்க வாரும்" என்று முதல் வரிசையில் இழுத்து உட்காரவைத்தேன்.

"பின்னால குந்தலாம் அண்ணாச்சி. பெரியவங்கல்லாம் வருவாங்கோ."

"நாம வந்தாச்சே, இன்னும் யாரு வரணும்?"

தேர்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்கத் தெரிந்த மனிதர்தான். யசோதரா அரக்குப் புடவையில் மேடையில் நின்றாள். எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். திரையில் முதல் படம் வந்தது, பேசினாள். இரண்டாவது படம் வந்தது. அங்கே நின்றுவிட்டாள்.

வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஜெமிமா மேடம் தண்ணீரை நகர்த்தி வைத்தார். குடித்தாள். மறுபடி வாய் அசைந்தது. சீட்டு வைத்திருந்த மாணவர்கள் குனிந்து அவரவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி நேரம் பேச்சு முடிந்த பிறகுதானாம். தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். மூட்டை தூக்குகிற கையால் அப்பாவு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னா ஆச்சு அண்ணாச்சி, மைக் போச்சா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு."

வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் மேடை சரிந்தபோதுகூட நின்று பேசி முடித்தவன் நான். எழுந்தேன். கேள்வி கேட்க நேரம் காலம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருப்பேன்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு" என்றேன். அரங்கம் திரும்பியது. "நான் மூணு கடை வச்சிருக்கேன். எங்கதைய நாளைக்கு ஒருத்தன் எழுதுதான்னு வச்சுக்கிடுவோம். கடைக்கு டீ கொண்டாந்தவன், ஷட்டரத் தூக்குனவன் பேரெல்லாம் அதுல எதுக்கு எழுதணும்? அவன் இல்லாட்டா இன்னொருத்தன் தூக்குவான். இதுல ஆராய்ச்சிக்கு என்ன இருக்கு?"

தினமும் சாயங்காலம் நாங்கள் போடுகிற சண்டைதான். ஆனால் அன்றைக்கு வேண்டுமென்றே கொஞ்சம் காரம் சேர்த்துக் கேட்டேன்.

யசோதரா என்னைப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்தன.

"இன்னா பேசற நீ?" என்றாள். அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்வாள். "ஒரு கதையில எஜமான் சாகக் கெடக்கறாரு. மூச்சு முட்டுது. யாரோ வந்து ஜன்னலத் தொறக்கறாங்கோ. உள்ள காத்து வருது, அவரு கண்ணத் தொறந்து உயில மாத்தி எழுதறாரு, கதையே மாறிப்போவுது. வந்த காத்தப் பத்தி மூணு பக்கம் எழுதிக்கீறான். தொறந்த கையப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அந்தக் கை இல்லாம காத்து எப்டி உள்ள வரும், சொல்லு. இன்னொருத்தன் தூக்குவான்றியே, அந்த இன்னொருத்தனுக்கும் பேரு இல்ல, அதான அண்ணாச்சி என் ஆராய்ச்சி."

அரங்கத்தில் யாரோ கைதட்டப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். யசோதராவுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. முகம் வெளிறியது. தேர்வாளர் மூடிய பேனாவைத் திறந்தார்.

"இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க. அந்த ஜன்னல்லேருந்து ஆரம்பிங்க" என்றார்.

ஆரம்பித்தாள். விசைப்படகு எஞ்சின் முதலில் இருமும், பிறகு பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் கரை கண்ணில் இருந்து மறைகிறவரை நிற்காது. அப்படித்தான் போனாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பேரம் படிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு எப்போது பாஷை தேவைப்பட்டது? தேர்வாளரின் முகம் படிந்துகொண்டிருந்தது. பிறகு அவர் கேட்டார், இவள் சொன்னாள். அவர் விடாமல் கேட்டார், இவளும் விடவில்லை. ஒரு இடத்தில் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டே பேசினாள். நியாயம்தான். எங்கள் தெருவில் அவளுக்கு என்றைக்கு மைக் இருந்தது?

கடைசியில் தேர்வாளர் எழுந்து இங்கிலீஷில் ஒரு தாளைப் படித்தார். டாக்டர் என்கிற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

"இன்னா சொன்னாரு?" என்றார் அப்பாவு.

"பட்டம் குடுத்தாச்சாம்" என்றேன். சொன்ன பிறகுதான் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாவு தட்டவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, மேடையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

சீட்டு வைத்திருந்த மாணவர்களில் ரஞ்சித் என்பவன் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டான். "என் கேள்விக்குப் பதிலையும் உங்களுக்கே சொல்லிட்டாங்க அண்ணாச்சி. நான் இன்னாத்தக் கேக்கறது?"

"சாப்பாடு எங்கன்னு கேளு" என்றேன்.

பிரியாணி வருவதற்கு முன்னால் யசோதரா ஒரு தாளோடு வந்தாள். கேள்வி கேட்டவர்களின் விவரம் எழுதி அனுப்புகிற தாள். அதில் முதல் வரியில் என் கேள்வியை இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

"படிச்சுச் சொல்லு" என்றேன்.

"உழைப்பவரின் பெயரின்றியே செல்வத்தின் வரலாற்றைச் சொல்லிவிட முடியும் என்னும் கருத்துக்கு ஆய்வாளரின் மறுப்பு யாது?"

"நான் எங்கம்மா இப்படிக் கேட்டேன்?"

"இத்தத்தான் கேட்டீங்கோ. கொஞ்சம் குளிப்பாட்டி வுட்டுக்கீறேன்." அவள் வாயில் 'நீங்க' திரும்பி வந்துவிட்டது.

கேட்டவர் யார் என்கிற கட்டத்தைப் பார்த்தேன். இங்கிலீஷில் ஏதோ ஒரு சொல் இருந்தது. என் பெயர் அவ்வளவு சின்னது இல்லை.

"இது என்ன?"

"பொதுமக்கள். வெளியாளுங்க கேட்டா அப்டித்தான் போடறது."

"இத்தன வருசம் எதப் படிச்ச நீ?" என்றேன்.

யசோதரா தாளைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தச் சொல்லை அடித்தாள். பெயரை எழுதினாள். ராயபுரம், டோல்கேட், எண்ணூர், காட்டுப்பள்ளி சப்ளை என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"கட்டத்துல எடமில்ல அண்ணாச்சி."

"வெளிய எழுது."

ஓரத்தில் மேல்நோக்கி எழுதினாள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் தேர்வாளர் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன், தமிழில், பெரிதாக. அந்தத் தாள் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது. கேட்டவர்களில் முதல் பெயர் என்னுடையது. தலைப்பில் யசோதராவின் பெயர் போட்டிருக்கிறார்கள். போடட்டும், பதில் சொன்னது அவள்தானே.